அயனித் திரவமும் கரிமக் கரைப்பானும் கலந்த மின்பகுளி: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

லித்தியம் பேட்டரிச் செல்லில் இரண்டு மின்வாய்க்கும் நடுவே அயனிகளைக் கடத்தும் திரவம்தான் மின்பகுளி. அயனித் திரவம் என்பது அறை வெப்பத்திலேயே திரவமாக நிற்கும் உப்பு. அது லேசில் ஆவியாகாது, லேசில் தீப்பிடிக்காது. ஆனால் எண்ணெய் போல மந்தமாக நகரும். டைமெத்தில் கார்பனேட் போன்ற கரைப்பான் தண்ணீரைவிட இலகுவாக ஓடும்; ஆனால் தீக்குச்சியைக் காட்டினால் போதும். இரண்டையும் கலந்தால் இரண்டின் நல்ல குணமும் கிடைக்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் தொடங்குகிறோம். நடப்பது வேறு. சில குணங்களில் கலவை நடுவில் நிற்கும். சிலவற்றில் ஏதோ ஒரு பக்கத்துப் பலவீனத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். செல் மக்கர் செய்யும்போது, இது யார் கொடுத்த பலவீனம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் பாதி.

அதனால் ஒரு வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சோதிக்கும் கலவையில் ஒரு செல், அதே லித்தியம் உப்புள்ள தூய அயனித் திரவத்தில் ஒரு செல், சாதாரண கார்பனேட் மின்பகுளியில் ஒரு செல். மின்வாய், செபரேட்டர் (மின்வாய்கள் தொடாமல் பிரிக்கும் நுண்துளைத் தாள்), மூடி எல்லாம் ஒன்றே. கோளாறு எந்தெந்தச் செல்லில் வருகிறது என்று பார்த்தாலே பல கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். மூன்றிலும் வந்தால் மின்பகுளியைத் திட்டாதீர்கள்; மின்வாயையோ செல் மூடும் கருவியையோ பாருங்கள்.

இன்னொன்று: நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்ற பெயர்கள் சார்ஜ், டிஸ்சார்ஜ் மாறும்போது குழப்பும். இங்கே கிராஃபைட் பக்கம், ஆக்சைடு பக்கம் என்றே சொல்கிறேன்.

புதுச் செல், ஆனால் கொள்ளளவே வரவில்லை

திறந்த சுற்று மின்னழுத்தம் சரியாக இருக்கிறது. சி/20 என்ற மெதுவான வேகத்திலேயே (20 மணி நேரத்தில் முழுச் சார்ஜ்) எதிர்பார்த்ததில் கால்வாசிதான் வருகிறது. சில செல்களில் ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு தானாகவே கொள்ளளவு ஏறும். ஏறினால் சந்தேகமே வேண்டாம்: நனையவில்லை.

பாலிபுரொப்பிலீன் செபரேட்டர் மீது தூய அயனித் திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்கும். கார்பனேட் கலக்கக் கலக்க அது பரவத் தொடங்கும். உங்கள் கலவையை அதே செபரேட்டரில் ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். செபரேட்டர் கண்ணாடி போலத் தெளிந்தால் நனைந்தது என்று பொருள். வெள்ளையாகவே இருந்தால் துளைகளுக்குள் காற்றுதான் இருக்கிறது.

செல்லைப் பிரிக்காமல் பார்க்க மின்மறுப்பு அளவீடு (பல அதிர்வெண்களில் மாறுமின்னோட்டத்துக்குச் செல் காட்டும் தடை) போதும். மூடியவுடன் ஒன்று, ஆறு மணி நேரம் கழித்து ஒன்று, மறுநாள் ஒன்று. உயர் அதிர்வெண் பக்கத்தில் வரைகோடு அச்சைத் தொடும் மதிப்பு நேரம் போகப் போகக் குறைந்தால், திரவம் இன்னும் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த மதிப்பு நிலைக்கும்வரை சார்ஜ் செய்யாதீர்கள். 40 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் வேகமாக நனையும். லித்தியம் பிஎஃப்6 உப்பு இருந்தால் அதற்கு மேல் சூடு ஏற்ற வேண்டாம்.

பலர் கண்ணாடி இழை செபரேட்டருக்கு மாறிப் பிரச்சினையை முடித்துவிடுவார்கள். நனைவது உண்மை. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. பாலிமர் செபரேட்டர் 25 மைக்ரான். தடிமனான கண்ணாடி இழை வடிதாள் அழுத்துவதற்கு முன் 700 மைக்ரானுக்கு நெருக்கமாக இருக்கும். அயனி கடக்கும் தூரமும் குடிக்கும் மின்பகுளியின் அளவும் பல மடங்கு கூடிவிடும். இதில் வரும் வேகச் சோதனை முடிவை வைத்துக் கலவையை எடைபோட்டால், நீங்கள் எடைபோடுவது வடிதாளைத்தான்.

மெதுவாக ஓட்டினால் சரி, வேகம் கூட்டினால் விழுகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

எல்லோரும் முதலில் மின்பகுளியின் கடத்துத்திறனை அளப்பார்கள். அளக்கும் செல்லின் மாறிலியைச் சரிபார்த்தீர்களா? 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசல் 25 டிகிரியில் 12.9 மில்லிசீமன்ஸ்/செ.மீ காட்ட வேண்டும். அது வராவிட்டால் மேலே போக வேண்டாம். வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். பாகுநிலை (ஓடுவதற்குத் திரவம் காட்டும் தடை) அதிகமான திரவத்தில் சில டிகிரி வித்தியாசமே எண்ணைக் கணிசமாக மாற்றும்.

பைரோலிடினியம் என்ற நேர் அயனியும் டிஎஃப்எஸ்ஐ என்ற எதிர்மின்சுமை அயனியும் (எதிர் அயனி) சேர்ந்த அயனித் திரவமான பியூட்டைல்மெத்தில் பைரோலிடினியம் டிஎஃப்எஸ்ஐ தனியாக 25 டிகிரியில் 2 முதல் 3 மில்லிசீமன்ஸ்/செ.மீ தரும். அதில் லித்தியம் உப்பைக் கரைத்தால் இன்னும் இறங்கும், ஏனென்றால் லித்தியம் அயனி டிஎஃப்எஸ்ஐ எதிர் அயனிகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரவத்தைக் கெட்டியாக்குகிறது. கார்பனேட் சேர்த்தால் எண் ஏறும், ஓர் உச்சத்தைத் தொடும், பிறகு இறங்கும். உச்சத்துக்கு முன் பாகுநிலை குறைவது ஜெயிக்கிறது. உச்சத்துக்குப் பின் அயனிகள் நீர்த்துப்போவது ஜெயிக்கிறது. சரி, உச்சத்தைப் பிடித்துவிட்டோம், வேலை முடிந்ததா என்றால் இல்லை.

அந்த எண்ணில் எவ்வளவு லித்தியத்தின் பங்கு? அயனித் திரவத்தில் மின்னோட்டத்தைச் சுமப்பவை பெரும்பாலும் பைரோலிடினியமும் டிஎஃப்எஸ்ஐயும்தான். லித்தியத்தின் பங்கு பத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவில் கிடப்பது சாதாரணம். இரண்டு டிஎஃப்எஸ்ஐ ஒரு லித்தியத்தைச் சூழ்ந்தால் அந்தக் கூட்டத்தின் மொத்த மின்சுமை எதிர்மறை. மின்புலத்தில் அது போக வேண்டிய திசைக்கு எதிர்த் திசையில் நகரும்! இரண்டு மின்பகுளிகள் ஒரே கடத்துத்திறன் காட்டி, ஒன்று வேகமாகச் சார்ஜ் ஆகி மற்றொன்று திணறுவதற்குக் காரணம் இதுதான்.

கரைப்பான் உண்மையில் உதவுவது இங்கேதான். எத்திலீன் கார்பனேட்டும் டைமெத்தில் கார்பனேட்டும் தங்கள் கார்பனைல் ஆக்சிஜனால் லித்தியத்தைப் பிடித்து, டிஎஃப்எஸ்ஐயை அந்த வட்டத்திலிருந்து வெளியே தள்ளுகின்றன. அப்புறம்தான் லித்தியம் நேர்மறைக் கூட்டமாகச் சரியான திசையில் போகும். ஒரு லித்தியத்தைச் சுற்றி சுமார் நான்கு ஆக்சிஜன் நிற்கும் என்று வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள்: உங்கள் கலவையில் ஒரு லித்தியத்துக்கு எத்தனை கரைப்பான் மூலக்கூறு இருக்கிறது? ஒன்றோ இரண்டோதான் என்றால் டிஎஃப்எஸ்ஐ இன்னும் வட்டத்துக்குள் இருக்கிறது. கரைப்பானைக் கொஞ்சம் கூட்டுவது அப்போது பயன் தரும். பத்துக்கு மேல் இருந்தால் இன்னும் ஊற்றிப் பயனில்லை, வேறிடத்தில் தேடுங்கள்.

அந்த வேறிடம் பெரும்பாலும் எதிரே இருக்கும் லித்தியத் தகடு. அரைச் செல்லில் (ஆய்வு மின்வாய்க்கு எதிரே லித்தியத் தகடு வைத்த செல்) சோதிக்கும்போது லித்தியத் தகட்டின் மேல் வளரும் படலமே மின்னழுத்தத்தைத் தின்றுவிடும். பழி ஆய்வு மின்வாய் மேல் விழும். இருபுறமும் லித்தியத் தகடு வைத்து ஒரு செல் செய்து, அதே மின்னோட்டத்தை ஓட்டுங்கள். அங்கேயே மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் விலகினால் குற்றவாளி கிடைத்துவிட்டது. டிஎஃப்எஸ்ஐக்குப் பதிலாக அதன் சிறிய உறவான எஃப்எஸ்ஐ எதிர் அயனிக்கு மாறுவது இதற்கு ஒரு நல்ல மருந்து. பாகுநிலையும் குறையும், லித்தியத்தின் மேல் படலமும் ஒழுங்காக அமையும்.

கிராஃபைட்டில் கொடுத்தது முழுசு, திரும்பி வந்தது பாதி

முதல் சார்ஜில் மின்னழுத்த வரைகோட்டைப் பாருங்கள் (இங்கே வோல்ட் எல்லாம் லித்தியத்தை ஒப்பிட்டு). லித்தியம் நுழையும் படிகள் 0.2 வோல்ட்டுக்குக் கீழே வரவேண்டும். அதற்கு மேலேயே, 0.3 முதல் 0.7 வோல்ட் பகுதியில், நீளமாக ஒரு படி தெரிந்தால் லித்தியத்துக்குப் பதிலாக அயனித் திரவத்தின் நேர் அயனியே கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. பைரோலிடினியமும் செய்யும், இமிடசோலியமும் செய்யும். இமிடசோலியத்துக்குக் கூடுதலாக இன்னொரு வியாதி: வளையத்தின் இரண்டு நைட்ரஜனுக்கு நடுவே உள்ள கார்பனின் ஹைட்ரஜன் அமிலத்தன்மை கொண்டது. ஆகவே அது 1 வோல்ட் அருகிலேயே ஒடுக்கமடையத் தொடங்கும். கிராஃபைட் பக்கத்தோடு வேலை என்றால் பைரோலிடினியத்தில் தொடங்குங்கள் என்பது என் கட்சி.

டிஎஃப்எஸ்ஐ நல்ல எஸ்இஐ படலம் (கிராஃபைட்டின் மேல் உருவாகி லித்தியத்தை மட்டும் விடும் காப்புப் படலம்) கட்டாது. கலவையில் எத்திலீன் கார்பனேட் போதுமான அளவு இருந்தால் அது 0.8 வோல்ட் அருகே சிதைந்து படலம் கட்டிவிடும். நேர் அயனிக்குக் கதவு அடைபடும். டைமெத்தில் கார்பனேட் மட்டும் போட்டிருந்தால் அந்தக் காவல் கிடைக்காது. புரொப்பிலீன் கார்பனேட் என்றால் நிலைமை இன்னும் மோசம். அதுவே அடுக்குகளுக்குள் புகுந்து கிராஃபைட்டை உரித்துவிடும். புரொப்பிலீனுக்கும் எத்திலீனுக்கும் ஒரு மெத்தில் தொகுதிதான் வித்தியாசம், நடத்தையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

தீர்வு: எடையில் 5 சதவீதம் வினைலீன் கார்பனேட் அல்லது ஃப்ளுரோஎத்திலீன் கார்பனேட் வைத்துத் தொடங்குங்கள். முதல் இரண்டு சுற்றை மெதுவாக ஓட்டுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேலிருந்த படி மறைந்ததா என்று பாருங்கள். மறைந்தும் திரும்பி வரும் பங்கு குறைவாகவே இருந்தால் ஈரத்தை அளக்க வேண்டும். கலவையில் எஃப்எஸ்ஐ இருந்தால் சேர்பொருள் இல்லாமலே பல நேரம் வேலை நடக்கும், அது தானே படலம் கட்டிக்கொள்ளும்.

4 வோல்ட்டை எட்டவே மாட்டேன் என்கிறது

சார்ஜ் போய்க்கொண்டே இருக்கிறது. மின்னழுத்தம் 3.8, 3.9 என்று ஏறி அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுகிறது. கணக்கில் கொள்ளளவு கோட்பாட்டு மதிப்பைத் தாண்டிப் போகிறது. இரண்டு காரணங்களில் ஒன்றுதான்.

வரைகோடு குதித்துக் குதித்து நடுங்கினால் லித்தியம் செபரேட்டரைத் துளைத்து மென்மையான குறுஞ்சுற்று ஏற்பட்டிருக்கிறது. வரைகோடு அமைதியாகத் தட்டையாக இருந்தால் ஏதோ ஓர் உலோகம் கரைகிறது.

கரைவது பெரும்பாலும் ஆக்சைடு பக்கத்து அலுமினியத் தகடு. இதன் வேதியியல் கொஞ்சம் வேடிக்கையானது. கார்பனேட்டில் கரைத்த லித்தியம் டிஎஃப்எஸ்ஐ 3.7, 3.8 வோல்ட்டுக்கு மேல் அலுமினியத்தை அரிக்கும் என்பது பழைய செய்தி. தூய டிஎஃப்எஸ்ஐ அயனித் திரவத்தில் அந்த அரிப்பு அடங்கிவிடும், ஏனென்றால் அலுமினியமும் டிஎஃப்எஸ்ஐயும் சேர்ந்து உண்டாகும் உப்பு அதில் எளிதில் கரையாது. தகட்டின் மேலேயே தங்கிக் காக்கிறது. நீங்கள் கரைப்பானை ஊற்றும்போது அந்தக் காவல் உப்பையும் சேர்த்துக் கரைக்கிறீர்கள். அதாவது, தூய அயனித் திரவத்தில் பார்த்து நிம்மதியடைந்த முடிவு கலவைக்குப் பொருந்தாது. மூன்று செல் வழக்கம் பலன் தருவது இங்கேதான்: தூய அயனித் திரவம் சரி, லித்தியம் பிஎஃப்6 உள்ள சாதாரண மின்பகுளியும் சரி, கலவை மட்டும் தோல்வி.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் மட்டும் சோதித்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அது 3.4 வோல்ட் அருகே வேலை செய்து 3.6 வாக்கில் நிறுத்தப்படும். அரிப்பு தொடங்கும் இடத்துக்கே போவதில்லை. அதே மின்பகுளியை நிக்கல் மாங்கனீசு கோபால்ட் ஆக்சைடுக்கு மாற்றி 4.2 வோல்ட் வரை போனால் குட்டு வெளிப்படும்.

உறுதி செய்ய, ஆக்சைடு பூசாத வெறும் அலுமினியத் தகட்டை லித்தியத்துக்கு எதிரே வைத்து 4.2 வோல்ட்டில் சில மணி நேரம் நிறுத்துங்கள். மின்னோட்டம் தொடர்ந்து இறங்கினால் தகடு தன்னைக் காத்துக்கொண்டது. இறங்கிப் பிறகு ஏறத் தொடங்கினால் குழி விழுகிறது. பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சில சமயம் ஊசித் துளைகளே தெரியும். மருந்து: சில சதவீதம் லித்தியம் பிஎஃப்6 அல்லது லித்தியம் டைஃப்ளுரோ ஆக்சலேட்டோ போரேட் சேர்ப்பது, அல்லது கரைப்பானைக் குறைத்து உப்பின் செறிவைக் கூட்டுவது.

அலுமினியம் பளிச்சென்று இருந்தால்? நாணய செல்லின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். நான் ஒருமுறை மூன்று வாரம் ஆக்சைடு பொடியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் துருப்பிடிக்காத எஃகு மூடியின் உட்புறத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம், அலுமினியத் தகட்டின் விளிம்புக்கு வெளியே மின்பகுளி தொட்ட இடத்தில் மட்டும். எஃப்எஸ்ஐ உப்பில் குளோரைடு மாசு இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். அலுமினியம் பூசிய மூடிக்கு மாறினேன், கோளாறு போயிற்று. பொடியிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஒரே கலவை, செல்லுக்குச் செல் வேறு விடை

"பாதிக்குப் பாதி கலந்தேன்" என்று யாராவது சொன்னால் எதில் பாதி என்று கேளுங்கள். பியூட்டைல்மெத்தில் பைரோலிடினியம் டிஎஃப்எஸ்ஐயின் அடர்த்தி 1.4, டைமெத்தில் கார்பனேட்டுக்கு 1.07. பருமனில் பாதிக்குப் பாதி என்றால் எடையில் அயனித் திரவம் 57 சதவீதம். எடையில் பாதிக்குப் பாதி என்றால், மூலக்கூறு எடை 422க்கு 90 என்பதால், ஓர் அயனி இணைக்கு ஏறக்குறைய ஐந்து கரைப்பான் மூலக்கூறு. மோலில் பாதிக்குப் பாதி என்றால் ஒன்றுக்கு ஒன்று. மூன்றும் மூன்று வேறு திரவங்கள். எப்போதும் எடையில் கலந்து, மோல் விகிதத்தையும் புட்டியின் மேல் எழுதி வையுங்கள்.

கலந்த பிறகும் விகிதம் நகரும். டைமெத்தில் கார்பனேட் 90 டிகிரியில் கொதிப்பது. அறை வெப்பத்திலும் நன்றாக ஆவியாகும். அயனித் திரவம் அப்படியே இருக்கும். கிளவ் பாக்ஸில் (ஈரமில்லாத வாயு நிரப்பிய கையுறைப் பெட்டி) திறந்துவைத்த புட்டி, மெல்ல மூடும் செல், வெற்றிடத்தில் நிரப்பும் பை செல் எல்லாவற்றிலும் கரைப்பான்தான் வெளியேறுகிறது. காலையில் செய்த செல்லும் மாலையில் செய்த செல்லும் வேறு மின்பகுளியில் ஓடுகின்றன. புட்டியை ஒவ்வொரு முறையும் எடைபோட்டால் பிடித்துவிடலாம். வெற்றிடம் தேவை என்றால் காலிச் செல்லுக்குக் கொடுங்கள், நிரப்பிய செல்லுக்கு அல்ல.

மஞ்சள், பிறகு பழுப்பு

நல்ல அயனித் திரவம் நிறமற்றது. வாங்கும்போதே லேசான மஞ்சள் என்றால் தயாரிப்பில் தங்கிய மாசு. கிளர்வூட்டிய கரி, பிறகு அலுமினா வழியாக வடித்தால் பெரும்பாலும் போகும். கலந்த பிறகு நாள்பட நிறம் ஏறினால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். லித்தியம் பிஎஃப்6 ஈரத்தில் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளுரைடைத் தரும். உப்பிலிருந்து பிரியும் பாஸ்பரஸ் பென்டாஃப்ளுரைடு எத்திலீன் கார்பனேட் வளையத்தைத் திறந்து பழுப்பாக்கும்.

டிஎஃப்எஸ்ஐ திரவங்கள் தண்ணீரோடு கலக்காதவை என்பதால் ஈரம் ஏறாது என்று நம்பிவிடாதீர்கள். காற்றிலிருந்து ஈரத்தை நன்றாகவே உறிஞ்சும். உலர்த்தும் வரிசைதான் முக்கியம்: அயனித் திரவத்தைத் தனியாக 80 முதல் 100 டிகிரியில் வெற்றிடத்தில் ஒரு நாள், பிறகு ஆற வைத்து, உலர்ந்த கரைப்பானையும் உப்பையும் கடைசியாகச் சேர்ப்பது. கலந்ததற்குப் பிறகு உலர்த்த நினைத்தால் ஈரத்தோடு கரைப்பானும் போய்விடும். கார்ல் ஃபிஷர் அளவீட்டில் (தண்ணீரின் அளவைக் காணும் சோதனை) 20 பிபிஎம்முக்குக் கீழே வரவேண்டும். மூலக்கூறு சல்லடைக் குண்டுகளை (நுண்துளைகளில் ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) அயனித் திரவத்தில் நாள்கணக்கில் ஊறவிடுவதை நான் தவிர்ப்பேன். அவற்றின் சோடியமும் பொட்டாசியமும் திரவத்தின் நேர் அயனியோடு இடம் மாறி உள்ளே வந்துவிடக்கூடும், தூசியும் தங்கும். கரைப்பானுக்கு மட்டும் சல்லடை போதும்.

குளிரில் கலங்குகிறது, பரல் விழுகிறது

எத்திலீன் கார்பனேட்டின் உருகுநிலை 36 டிகிரி, டைமெத்தில் கார்பனேட்டுக்கு 4 டிகிரி வாக்கில். இவை அதிகமுள்ள கலவை குளிரில் கெட்டியாவது எதிர்பார்த்ததே. எத்தில் மெத்தில் கார்பனேட்டுக்கோ, கிராஃபைட் இல்லாத செல் என்றால் புரொப்பிலீன் கார்பனேட்டுக்கோ மாறலாம்.

அதிகம் பேர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. வேறு வேறு அயனிகளை ஒரே புட்டியில் போட்டால் அவை இணையை மாற்றிக்கொள்ளும். எத்தில்மெத்தில் இமிடசோலியம் டிஎஃப்எஸ்ஐயில் லித்தியம் பிஎஃப்6 போட்டால், இமிடசோலியம் பிஎஃப்6 என்ற புது இணை சாத்தியமாகிறது. அதன் உருகுநிலை 60 டிகிரி அருகே. நீங்கள் போடாத ஒரு பொருள் பரலாக விழுவதன் ரகசியம் இதுதான். எதிர் அயனியை ஒன்றாகவே வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலி இல்லை.

பை செல் உப்புகிறது

உலோகத் தகட்டுப் பையில் அடைத்த செல் முதல் சார்ஜில் கொஞ்சம் உப்பினால் எத்திலீன் கார்பனேட் படலம் கட்டும்போது வெளியிட்ட எத்திலீன். வாயுவை வெளியேற்றி மறுபடி மூடினால் போதும். சுற்றுக்குச் சுற்று உப்பினால் மேல் மின்னழுத்த வரம்பைப் பாருங்கள். அயனித் திரவத்தின் விவரத் தாளில் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் என்று இருக்கும். அது வழவழப்பான கண்ணாடிக் கார்பனில், ஏதோ ஒரு மின்னோட்ட அளவை எல்லையாக வைத்து எடுத்த எண். உங்கள் ஆக்சைடு மின்வாய் நுண்துளைகள் நிறைந்தது, பரப்பு பல மடங்கு. அதோடு கலவையின் தாங்கும் எல்லை கார்பனேட்டின் எல்லைதான். வரம்பை 0.1 வோல்ட் இறக்கி இரண்டு வாரம் பாருங்கள். உப்புவது நின்றால் விடை கிடைத்தது.

தீப்பிடிக்காது என்றார்கள், பிடித்தது

டைமெத்தில் கார்பனேட் 18 டிகிரி வாக்கிலேயே பற்றக்கூடிய ஆவியைத் தரும். தீ பற்றுவது திரவத்தில் அல்ல, மேலே நிற்கும் ஆவியில். அயனித் திரவம் ஆவிக்குப் போவதில்லை. ஆகவே ஆவி முழுக்கக் கரைப்பான். அயனித் திரவத்தைச் சேர்த்தால் அந்த ஆவியின் அழுத்தம் குறையும், ஆனால் 20, 30 சதவீதம் சேர்த்ததால் பற்றாத திரவம் கிடைக்காது. எரியும் வேகம் குறையலாம், அணைவது முன்னதாக நடக்கலாம். அதைத் தீப்பிடிக்காத மின்பகுளி என்று எழுதுவது சரியில்லை.

சோதிக்கும்போது இரண்டையும் தனித்தனியாக அளங்கள்: மூடிய கிண்ணத்தில் எந்த வெப்பநிலையில் பற்றுகிறது, பற்றிய பிறகு எடைக்கு எத்தனை நொடி எரிகிறது. கண்ணாடி இழையை நனைத்துச் சுடரில் காட்டும் எளிய சோதனையில் முதலில் கரைப்பான் எரிந்து தீர்ந்து, எஞ்சிய அயனித் திரவத்தில் சுடர் தானே அணையும். அதைப் படமெடுத்தவர் அணைந்ததை மட்டும் காட்டினால் கலவை அற்புதமாகத் தெரியும். பற்றும் வெப்பநிலையே உங்கள் கவலை என்றால் டைமெத்தில் கார்பனேட்டை விட்டுவிட்டு, 130 டிகிரியைத் தாண்டினால்தான் பற்றும் எத்திலீன், புரொப்பிலீன் கார்பனேட்டுகளின் பக்கம் போக வேண்டும். பாகுநிலை ஏறும், நனைவது கடினமாகும். அப்போது மேலே முதல் அறிகுறியில் சொன்ன சொட்டுச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.